முன்னூறு குதிரை

மலைச்சாலையின் நீண்ட ஏற்றத்தில், மூன்றாவது கியரில், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல. சட்டென்று காலை எடுத்தேன். வருகிற காற்றுக்குப் போதுமான பெட்ரோல் போகவில்லை. சிலிண்டருக்குள் சூடு தலைக்கேறி, வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கிறது. இப்படியே விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

வண்டி பல் டாக்டருடையது; இன்ஜினின் பலத்தைக் கூட்டித்தரச் சொல்லி எங்களிடம் விட்டிருந்தார். முந்தின நாள் அண்ணன் அதை எங்கள் பட்டறையில் குதிரைத்திறனை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றியிருந்தான். சக்கரங்கள் உருளைகள்மேல் சுற்றும். வண்டி பெல்ட்டில் கட்டுண்டு நின்ற இடத்திலேயே பறக்கும். முன்னால் ஆளுயர மின்விசிறி குளிரக் குளிர ஊதும். ஒவ்வொரு ஓட்டமும் பத்துப் பன்னிரண்டு நொடிதான், பிறகு ஓய்வு. மாப்பிள்ளை உபசாரம். பெட்ரோல் குறையக் குறைய பலம் கூடும் என்று, லேப்டாப்பில் அதன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, திரையில் முன்னூறு குதிரைத்திறன் தெரிந்ததும் விசிலடித்தான். மலைக்கு விசிறியும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

ஓரமாக நிறுத்தி, அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அடிக்குது அண்ணா. பெட்ரோல் அளவ ஏத்தணும்."

"ஒண்ணும் ஏத்தாத. அவரு வீட்டுக்கும் கிளினிக்குக்கும் ஓட்டப்போறாரு. கீழ இறங்கி வா."

டாக்டர் அந்த வாரமே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே மலையைத் தாண்டி மாமியார் வீட்டுக்குப் போகப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தார். லேப்டாப்பைத் திறந்து பெட்ரோல் அளவை ஏற்றினேன். மறுபடி மேட்டில் மிதித்தேன். சத்தம் இல்லை.

பட்டறைக்கு வந்ததும் அண்ணன் வண்டியை டைனோவில் கட்டினான். இருநூற்று எண்பத்தொன்பது. நான் அவனுடைய மனைவியைத் திட்டியிருந்தால்கூட முகம் அப்படிக் கறுத்திருக்காது.

"பழைய கணக்கையே திரும்பப் போடு."

"என் கையால போடமாட்டேன்."

"இது என் கடை."

"கடை உன்னோடது. காது என்னோடது."

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து நின்றார். எனக்காகப் பேசுவார் என்று ஒரு நப்பாசை. அவரோ திரையை எட்டிப் பார்த்து, பரிசு கைநழுவிய பிள்ளை மாதிரி, "முன்னூறுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டாக்டர், சும்மா உக்காந்திருக்கும்போது வலிக்குதான்னு கேப்பீங்களா, கடிக்கும்போது வலிக்குதான்னு கேப்பீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை.

"வாயி மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். நாளைக்கே எதிர்க் கடைக்காரன் முன்னூத்திப் பத்துன்னு போர்டு வெப்பான்."

"வெக்கட்டும். அண்ணா, உன் கணக்கையே திரும்பப் போடு. ஆனா நீயும் வண்டியில ஏறு."

கணக்கை அவனே போட்டான். டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் லேப்டாப்பை மடியில் வைத்துப் பின் சீட்டில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டான். மலை அடிவாரத்துக்கு வந்தோம். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நான் ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் இறக்கினேன். அதே நீண்ட ஏற்றம். மூன்றாவது கியர். மிதித்தேன். வண்டி ஆசையாகத்தான் பாய்ந்தது; இருக்கை முதுகைத் தள்ளியது; டாக்டர் "அடேயப்பா" என்றார். மிதித்த காலை நான் எடுக்கவில்லை. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. சூட்டுமானியின் முள் நகர்ந்தது. பிறகு, பாறைச்சுவரில் பட்டு எதிரொலித்து, அதே தகர டப்பாக் கற்கள் குலுங்கின.

"என்ன சத்தம் அது?" என்றார் டாக்டர்.

நான் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தேன். காலை எடுக்கவில்லை.

"கால எடு" என்றான். அடுத்த நொடி என் தோளைப் பிடித்து உலுக்கினான். "கால எடு, பிசாசே!"

எடுத்தேன். வண்டியை ஓரம் கட்டினேன். பானெட்டுக்கடியில் சூடான இரும்பு டிக் டிக்கென்று முனகியது. பின்சீட்டில் லேப்டாப் திறக்கும் சத்தம். அவன் எந்தக் கணக்கைப் போடுகிறான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை மட்டும் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன்; பெட்ரோல் அளவு ஏறாமல் வண்டி நகராது. செங்கல் ஏற்றிய ஒரு லாரி முக்கி முனகி எங்களைக் கடந்து, நிற்காமல், மேட்டில் ஏறிக்கொண்டே போனது.