பறிக்காத வெற்றிலை

காஜா பெராங் என்ற மலாய் நாட்டு ஊரில், வீடுகள் முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் மருதமுத்துவின் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. பெண்கள் உள்ளே வந்தால் கொடிக்குத் தீட்டு என்பது தோட்டக்காரர்களின் நம்பிக்கை. சந்தையில் வெற்றிலை விற்கும் சந்திரமதி, விடிந்ததும் வந்து மூங்கில் படலுக்கு வெளியே நிற்பாள். கணவனை இழந்தவள். மருதமுத்துவுக்கும் வீட்டில் யாரும் இல்லை. அவன் வெற்றிலைக் கட்டுக்குள் கூடுதலாகச் சொருகும் இலைகளைக் கவனிக்காதவள் போல வாங்கிக்கொள்வாள்.

"எண்ணத் தெரியாத ஆளு எப்படிங்க தோட்டம் வச்சீங்க?"

"உனக்கு எண்ணுறப்ப மட்டுந்தான் தப்புது."

நாடு சுதந்திரம் பெறவிருந்த அந்த ஆண்டில் மாவுப்பூச்சி வந்தது. இலைக்காம்புகளில் வெள்ளையாக அப்பிச் சாற்றை உறிஞ்சியது. புகையிலைத் தண்ணீருக்கும் சவர்க்காரத் தண்ணீருக்கும் அடங்கவில்லை. மிஞ்சியது கடை மருந்து. அதற்காகச் சைக்கிளை விற்றான். அது போகட்டும் என்றிருந்தது. வெற்றிலை பச்சையாக மெல்லும் பொருள். மருந்தடித்தால் ஒரு மாதம் பறிக்கக் கூடாது. ஒரு மாதம் அவள் வரமாட்டாள். அதுதான் தாங்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அப்பாசாமி வேலியோரம் நின்று பார்த்தார். "தாலியறுத்தவ தினம் வாசல்ல நின்னா பூச்சி வராம என்னப்பா வரும்?"

மருதமுத்து மருந்தைக் கலக்கினான்.

மறுநாள் அவளிடம், "ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதே" என்று மட்டும் சொன்னான். தோட்டத்தில் பூச்சி விழுந்ததை வாடிக்கைக்காரியிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அப்பாசாமியின் பேச்சு அதற்குள் சந்தைக்குப் போயிருந்தது.

மாதம் முடிந்தபோது தெருவில் மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் மழையில் நனைந்து தொங்கின. மருதமுத்து ஓர் இலையைக் கழுவி மென்று பார்த்தான். பிறகு சந்தைக்கு நடந்தான். சந்திரமதியின் தட்டில் வேறு இலை இருந்தது.

"நாளைக்கு வா. இலை தயாரா இருக்கு."

"செமாபோக் ஊர்த் தோட்டத்து இலை எடுக்கிறேங்க. அங்க வாசல்ல நிக்க வேண்டியதில்ல. தோட்டக்காரரே சந்தைக்குக் கொண்டாந்து போடுறாரு."

"மருந்தடிச்சிருந்தேன். அதான் வராதேன்னேன்."

அவள் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். "அன்னிக்கே அதச் சொல்லியிருக்கலாம். நாந்தான் பூச்சிய கொண்டாந்தேன்னு ஊரே பேசுது. நீங்களும் அதுக்குத்தான் விரட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"மொதப் பறிப்பு நீ பறி. உள்ள வந்து."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அடுத்த கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க வந்தவங்க நிக்கிறாங்க. வழிய விடுங்க" என்றாள்.

மறுநாள் விடியுமுன் படலைக் கழற்றி வேலியில் சாய்த்து வைத்தான். அன்று யாரும் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் வரவில்லை. இலைகள் அகன்று, கரும்பச்சையாகத் தடித்தன.

"முத்திப்போச்சேப்பா, இன்னும் பறிக்கலயா?" என்றார் அப்பாசாமி.

"பறிக்க ஆள் வரணும்."

"கூலிக்கா?"

மருதமுத்து ஒவ்வொரு காம்பாகத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தபடியே, திறந்து கிடந்த வாசல் பக்கம் நகர்ந்தான்.