தண்ணீர் தாங்கும் மரம்

வீடு கட்ட ஏழு பேர்ச் காணி எங்களுக்கு விழுந்தது என்று சொன்னதும் என் புருஷன் சுமன் அழுதுவிட்டார். எனக்கு எங்கே அழ நேரம்? வாசற்கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று நான் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், ஒரே அறையான காம்பராவுக்குள் நாங்கள் மூவரும், கொழுந்தன் முத்துலிங்கத்தின் குடும்பமும் கிடக்கிறோம். நடுவில் ஒரு பழைய சேலை தொங்கும். மகள் சர்மிளா பெரிய மனுஷியானபோது உட்காரவைக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டு அடுப்படியில், விறகுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். இன்றைக்கும் அவள் உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் ஆம்பிளைகள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் நிற்க வேண்டும், மழையாக இருந்தாலும். பிள்ளைக்கு ஒரு கதவு கேட்டால் அது பேராசையா?

காணியைக் காட்டியது மாசி மாதம். பள்ளம்தான், ஆனாலும் மண் பொருபொருவென்று காய்ந்து கிடந்தது. காணி கொடுத்த தோட்டத்து ஆட்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். காணியில் பழ மரம் நட்டு வளர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால் வீடு கட்டுவதற்கு இடம் பார்க்க ஆள் வரும். காட்டாவிட்டால் காணி வேறு குடும்பத்துக்குப் போய்விடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு காணிதான், மறுபடி கேட்க முடியாது.

ஊரோடு சேர்ந்து நாங்களும் அவகாடோ என்கிற ஆனைக்கொய்யா நட்டோம், பப்பாசி நட்டோம். வைகாசி மழை பிடித்தது. பப்பாசி அடியில் அழுகி, கை பட்டதும் சாய்ந்தது. ஆனைக்கொய்யா மஞ்சளாகி இலையைக் கொட்டியது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து நாறுகிறது, குழி நிறையத் தண்ணீர்.

சுமன் மண்வெட்டியை எடுத்துத் தண்ணீர் வடியக் கான் வெட்டினார். தேயிலை மலையில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் தெரிந்த ஒரே வைத்தியம் கான் வெட்டுவதுதான். சரிவில் வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும். பள்ளத்தில் வெட்டினால் எங்கே ஓடும்? மேல் காணிகளின் தண்ணீரும் கான் வழியாக எங்களிடமே வந்து சேர்ந்தது.

"விட்ரு ஜீவா. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார்.

"தலையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது! போய்ச் சோத்தத் தின்னுட்டுப் படுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக்கு பஸ் ஏறினேன். ஸ்டேஷன் பக்கம் கன்று விற்கிற ஆண்டியப்பனிடம், "தண்ணியில நின்னாலும் சாகாத பழ மரம் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"தாமரை இருக்கு தங்கச்சி, வேணுமா?"

"ஒங்க நக்கல வேற யார்கிட்டயாவது வச்சுக்குங்க. மரம் செத்தா என் காணி போயிரும்."

மனுஷர் சிரிப்பை விட்டுவிட்டார். "ஆனைக்கொய்யாவுக்கு வேருல தண்ணி நின்னாவே ஆகாது. தோடை, எலுமிச்சையும் அப்பிடித்தான். ஜம்பு தாங்கும், கொய்யா தாங்கும். ஆனா குழி தோண்டாதீங்க. மேடு கட்டி, மேட்டு மேல வைங்க. கன்னா இருக்கையில வேரு முங்கக் கூடாது. வேரு புடிச்சிருச்சுன்னா அப்பறம் அதுவே சமாளிச்சுக்கும்."

மூன்று ஜம்பு, மூன்று கொய்யா வாங்கினேன். மலையில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, நானும் சர்மிளாவும் ரோட்டோரத்து மண்ணை உரச் சாக்கில் அள்ளிச் சுமந்தோம். ஆறு மேடு எழும்பியது. போகிற வருகிற ஆளெல்லாம், "யாருக்கு ஜீவராணி சமாதி கட்டுற?" என்று கேட்டார்கள். "ஒனக்கும் ஒரு குழி இருக்கு, வர்றியா?" என்று கேட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

மறுபடி மழை வலுத்தது. மேடுகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது, மரங்களும் நின்றன. அடுத்த வருச மழைக்கும் நின்றன. இந்த மாசியில் கொய்யா காய்த்துப் பழுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே வீட்டுக்கு இடம் பார்க்கிற அதிகாரி, ஒரு சிங்கள நோனா, வந்துவிட்டார். மண்சரிவு பல தோட்டங்களில் லயங்களை அடித்துக்கொண்டு போன பிறகு, மண்ணைப் பார்க்காமல் யாரும் அத்திவாரக் கல் வைக்க முடியாது. கூட வந்தவர் தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கஸ்பர் கண்டாக்கு. நோனாவின் சிங்களத்தை அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

தரை காய்ந்து கிடந்தது. நோனா காலால் மிதித்துப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு மரங்களைப் பார்த்தார்.

"எல்லாக் காணியிலயும் ஆனைக்கொய்யா இருக்கு. இங்க மட்டும் ஏன் ஜம்புவும் கொய்யாவும்? ஏன் மேட்டு மேலன்னு கேக்குறாங்க" என்றார் கஸ்பர்.

அந்தக் கேள்விக்காகவே ரெண்டு வருசம் காத்திருந்தவள் மாதிரி நான் கொட்டினேன். "வேற எது வச்சாலும் அழுகிரும்ங்க ஐயா! மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும். நான்தான் கொட்டகலைக்குப் போயி, விசாரிச்சு, தண்ணி தாங்குற மரமாப் பாத்து வச்சேன்."

சுமன் என் முழங்கையைக் கிள்ளினார். அதற்குள் கஸ்பர் மொத்தத்தையும் சிங்களத்தில் சொல்லிவிட்டார். நோனா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. ரொம்பச் சரியான மரங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேனாம். பிறகு அவர் சொன்னதைக் கஸ்பர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மழைக்குத் தண்ணி நிக்கிற மண்ணுல அத்திவாரம் நிக்காதாம். இதுல வீடு கட்ட ஏலாது. மரம் நல்லா இருக்கு, அதனால காணி ஒங்களுக்குத்தான். தோட்டமா வச்சுக்கலாம்."

"அப்ப வீட்டுக்கு வேற எடம்?"

"ஒரு குடும்பத்துக்கு ஒரு காணிதானே, ஜீவராணி."

"மரத்த வெட்டிட்டா?"

"காணியும் போயிரும்."

நோனா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்தச் சேற்றில் சுவர் வைத்தால் முதல் மழைக்கே வெடிக்கும், எனக்குத் தெரியாதா? அது தெரிந்ததால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது. மரம் செத்திருந்தாலும் வீடில்லை, பிழைத்ததாலும் வீடில்லை.

அவர்கள் போனதும் கத்தியை எடுத்துக்கொண்டு முதல் கொய்யாவிடம் போனேன். சுமன் தடுக்கவில்லை. "வெட்டுறதுன்னா வெட்டு. ஆனா அப்பறம் நமக்குன்னு காலடி மண்ணு கூட இல்ல" என்றார்.

"இருக்குற மண்ணுல படுத்துக்குவீங்களா?" என்று கத்தினேன். நின்றேன், நின்றேன், கை எழவில்லை. பாழாய்ப்போன மரம், எப்படிக் காய்த்திருக்கிறது!

கத்தியைப் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் மண் சரிந்து வேர் வெளியே தெரிந்தது. வைகாசிக்குள் அணைக்காவிட்டால் மேடு கரைந்துவிடும். குந்தி உட்கார்ந்து, அழுதுகொண்டே கையால் மண்ணை இழுத்து அணைத்தேன்.

சர்மிளா வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, அப்ப வீடு?"

"ரோட்டோரத்துல போயி இன்னொரு சாக்கு மண்ணு அள்ளிட்டு வா" என்றேன்.