கையைப் பிடித்து இழுக்கும் காட்சி

பதினெட்டு வருஷத்தில் கும்ஹீ அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. 'அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான்.' பதினோரு கொரிய டிவி தொடர்கள் எழுதியவள் படப்பிடிப்புப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஜனவரியில் போக வேண்டியதாயிற்று. கதாநாயகியாக நடிக்கும் யூரிம் போன் செய்து, "மேடம், ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கும்ஹீ போய்ச் சேர்ந்தபோது, ஊருக்கு வெளியே பாஜுவில் போட்டிருந்த செட்டில் ஏழாவது டேக் ஓடிக்கொண்டிருந்தது. கதைப்படி யூரிம் ஒரு வழக்கறிஞர். காபிக் கடையில் கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பவளைக் காதலன் வந்து இழுத்துப் போக வேண்டும். காதலனாக நடித்த தேகியோம் பிடித்தான், இழுத்தான். நாற்காலி சாய்ந்தது.

"இன்னும் வேகம் வேணும்ப்பா. காதலே தெரியலை," என்றார் டைரக்டர் மேங்.

யூரிம் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிச் சிவந்து கிடந்தது. 

"மாத்திடலாம்," என்று கும்ஹீ நின்றபடியே பேனாவை எடுத்து எழுதினாள். அவன் வாசலில் நின்று கூப்பிடுகிறான். அவள், பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்கிறாள். அவன் காத்திருக்கிறான்.

தேகியோம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "காத்திருக்கேன், சரி. கையை என்ன மேடம் பண்றது?"

"பாக்கெட்ல வச்சுக்கோ."

"பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி இருப்பான்," என்றார் மேங். ஆனாலும் எடுத்தார்.

வியாழக்கிழமை தங்கை மிஹ்வா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கும்ஹீ அந்தப் பகுதியைப் பார்த்தாள். திரையில் ஓடியது புதிதாக எடுத்ததல்ல, பழைய ஏழாவது டேக்.

மிஹ்வா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். "எழுதினா நீதான்க்கா எழுதணும். நம்ம வீட்டு மனுஷன் ரோடு தாண்டக்கூடக் கையைப் பிடிச்சதில்லை." அவள் கணவர் காது கேளாதவர்போல் கிம்சி ஊறுகாயை மென்றார்.

"வலிக்காதாடி?"

"என்ன வலி? ஆசையில பிடிக்கிறான்."

இந்தப் பதிலைத் தங்கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கும்ஹீக்குத் தெரியும். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். மெட்ரோவில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. நின்றபடியே மேங்கை அழைத்தாள்.

"ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?"

"ஜனங்க எதுக்கு உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்? நீங்கதானே பழக்கினீங்க."

கும்ஹீ அழைப்பைத் துண்டித்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த பகுதிக்கு எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். காலை, நீதிமன்ற வாசல். வழக்கறிஞரின் வீங்கிய மணிக்கட்டைத் தோழி பார்த்துவிடுகிறாள். "யார் பண்ணினது? புகார் எழுதட்டுமா?" என்கிறாள். "என்னைக் காதலிக்கிறவர்," என்று சொன்னவள், சொன்னது தன் காதிலேயே ஒரு மாதிரி விழ, கையை மறைத்துக்கொள்கிறாள்.

ஒளிபரப்பு நெருங்கிவிட்டதால், பக்கங்கள் வந்த அன்றே படம்பிடித்தாக வேண்டும். மேங்குக்கு வேறு வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். யூரிம், மேக்கப் வேண்டாம், மணிக்கட்டில் இருக்கிறதே போதும் என்றுவிட்டாள். ஒளிபரப்பானதும் நேயர்களின் இணையப் பக்கத்தில் பாதிப் பேர், கதாநாயகனை வில்லனாக்கிவிட்டாய் என்று திட்டினார்கள். ஒருத்தி மட்டும், 'காதலிக்கிறவர் என்று நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் காலையில் தேகியோம் அழைத்தான். "மேடம், அடுத்த சீன்ல நான் அவளைப் பார்க்கணுமே. என்ன சொல்லணும்? மன்னிப்பா?"

"தெரியலைடா. நீயா இருந்தா என்ன சொல்லுவே?"

 போனைக் காதில் வைத்தபடி, அவன் பதிலுக்காகக் காத்து, அவள் அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். அன்றைய பக்கங்களைக் கேட்டு மேங்கின் அழைப்பு இடையில் வந்து வந்து போயிற்று.