சுவர் கேட்ட விலை

ஏலம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கணவரின் தண்ணீர் டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டை வைத்தேன். வாயால் சொல்லியிருக்கலாம். இரண்டடி தள்ளித்தான் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் காலையிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முந்தைய நாள் வந்திருந்த மருமகனிடம், "உங்க மாமாவுக்குப் பேப்பர்ல தலைப்பு மட்டும்தான் தெரியும், மிச்சத்தை அவரே இட்டுக்கட்டிப்பார்" என்று சொல்லிவிட்டேன். மருமகன் சத்தமாகச் சிரித்தார். இவருக்கு முகம் தொங்கிப்போனது. மறுநாள் கிளம்பும்போது மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே மேஜைமேல் விட்டுவிட்டு இறங்கினார். நான் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுப்பதற்கு எனக்கும் மனசு வரவில்லை.

வீடுகளை ஏலத்தில் விற்றுக் கொடுப்பது எங்கள் தொழில். இருபத்திரண்டு வருடமாக அவர் கூவுகிறார், நான் எழுதுகிறேன். எந்த எண் அட்டை எழுந்தது, எவ்வளவுக்கு என்று வரிசையாக எழுத வேண்டும். தலையை நிமிர்த்தினால் ஒரு வரி விட்டுப்போகும் என்பதால், ஏலம் நடக்கும்போது நான் ஒருவர் முகத்தையும் சரியாகப் பார்த்ததில்லை. வங்கிக்கு மேலே மாடியில் ஒரு நீளமான கூடம், மாதத்தில் இரண்டு நாள் வாடகைக்கு. அறுபது மடக்கு நாற்காலி. அன்றைக்கு முன்பாதிதான் நிறைந்திருந்தது. பின்பாதி காலி. அதற்கும் பின்னால் வெள்ளையடித்த சுவர், அதில் ஒரு சிவப்புத் தீயணைப்புக் கருவி.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டை விற்பவர் முன்கூட்டியே ஒரு விலை எழுதிக் கொடுப்பார், அதற்குக் கீழே தரமாட்டேன் என்று. அடிவிலை என்போம். கூடத்தில் யாருக்கும் அது தெரியாது. போட்டியில் ஒரே ஒருவர் மிஞ்சி, விலை இன்னும் அடிவிலைக்கு வராமல் நின்றால் என்ன செய்வது? ஒற்றை ஆள் யாரோடு மல்லுக்கு நிற்பார்? அப்போது இவர் கண்ணை மெல்ல உயர்த்திப் பின்பக்கம் பார்ப்பார். "பின்னாடி ஒருத்தர் கேக்கறார்" என்று ஒரு விலையைச் சொல்வார். பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். முன்னால் இருப்பவர் பதறிப்போய் ஒரு படி ஏறுவார். என் தாளில் அந்த வரிக்கு அட்டை எண் இருக்காது, ஒரு கோடு இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் "இன்னிக்குச் சுவர் எத்தனை தடவை கேட்டுது?" என்று நான் கேட்பேன், அவர் சிரிப்பார். தப்பா என்றால் தப்புதான். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒரே கட்டுப்பாடு, சுவர் அடிவிலைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும்.

அன்றைய வீடு ஒரு நர்ஸம்மாவுடையது. ஓய்வு பெற்றவர், தனியாள். தரைத்தளத்தில் இரண்டு அறை, பின்னால் துணி உலர்த்தும் சின்ன முற்றம். அவருடைய அக்கா வேறு ஊரில் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு அடுத்த வாசலே விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நர்ஸம்மாவுக்குத் துடிப்பு. அந்த வீட்டுக்காரர் அன்று மாலை ஐந்து மணி வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். காலையில் நர்ஸம்மா எனக்கு ஃபோன் செய்தார். "அம்பத்திநாலு லட்சம்னு எழுதிக் குடுத்தேன்ல, அதை அம்பத்திரண்டா மாத்திடுங்கம்மா. இன்னிக்கு முடிஞ்சாப் போதும் எனக்கு." டம்ளருக்கு அடியில் நான் வைத்த சீட்டில் அதுதான் இருந்தது. இவர் தண்ணீரைக் குடித்தார், சீட்டைப் பார்த்தார், டம்ளரை மறுபடி அதன் மேலேயே வைத்தார். படித்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாற்பது லட்சத்தில் ஆரம்பித்தது. இரண்டே பேர்தான் கேட்டார்கள். ஒருவர் கட்டிடம் கட்டி விற்பவர், ஃபோனில் பேசிக்கொண்டே அட்டையைத் தூக்குகிற ஆள். இன்னொருவர் பஸ் டிரைவர், மனைவியோடு வந்திருந்தார். அந்தப் பெண்ணை எனக்கு நினைவிருந்தது. வீட்டைக் காட்டிய நாளன்று எல்லோரும் கூரையையும் குழாயையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் டேப்பை எடுத்துக் குளியலறை வாசலின் அகலத்தை அளந்தாள். மாமனாருக்குச் சக்கர நாற்காலி. இப்போது குடியிருப்பது மூன்றாவது மாடி. அவரைக் கீழே இறக்கி ஒரு வருடம் ஆகிறதாம்.

நாற்பத்தேழில் கட்டிடக்காரர் அட்டையை என் மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். டிரைவர் நாற்பத்தெட்டு கேட்டிருந்தார். இவர் கண்ணை உயர்த்தினார். சுவர் நாற்பத்தொன்பது கேட்டது. டிரைவர் ஐம்பது. சுவர் ஐம்பத்தொன்று. டிரைவர் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஐம்பத்திரண்டுக்கு அட்டையைத் தூக்கினார். அப்பாடா என்று மூச்சு விட்டு, 'விற்றது' என்று எழுதப் பேனாவைக் கடைசி வரிக்கு நகர்த்தினேன்.

"பின்னாடி அம்பத்திமூணு" என்றார் இவர்.

சுவர் அடிவிலையைத் தாண்டிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். டிரைவரின் அட்டை பாதி தூரம் எழுந்தது, அவர் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து மடிக்கு இறக்கினாள். இவர் காத்துக்கொண்டிருந்தார், இன்னொரு படி ஏறுவார்கள் என்று. "ஒரு தரம்..." என்றார். "ரெண்டு தரம்..." என்று இழுத்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். என் கோபம் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, காலை இழுத்துக்கொண்டார். "விலை வரலை. இந்த வீட்டை நிறுத்தி வைக்கறோம்" என்று சொல்லிச் சுத்தியலைப் படுக்கப் போட்டார். அப்படிச் சொன்னால் அதிகம் கேட்டவரோடு தனியாகப் பேசி முடிப்பார்கள் என்று ஏலத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். டிரைவரும் மனைவியும் அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். அவள் "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நர்ஸம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. வாங்குபவர் கையில் இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? அம்பத்திரண்டு போதும்னு காலையிலயே சொன்னேனே."

இவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். அவர் அதைத் தூக்கி, ஈரமான சீட்டை எடுத்துக் கையை முழுசாக நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படித்தார்.

"ஏதோ என்னைத் திட்டி எழுதி வெச்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எனக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருந்தால் போதும். இருபத்திரண்டு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள், இரண்டு பேருடைய வீம்புக்கும் நடுவில் ஓர் அம்மாளின் வீட்டைக் கோட்டை விட்டுவிட்டோம். மணி மூன்றேகால்.

"கீழதான் இருப்பாங்க, ஓடு" என்றார் இவர் என் பக்கம் குனிந்து. "கேட்டவர் பின்வாங்கிட்டார்னு சொல்லு. அம்பத்திரண்டுக்கு அவங்களுக்கே தர்றோம்னு சொல்லு. முடிஞ்சுது."

உண்மையில் அதோடு முடிந்துவிடும். நர்ஸம்மாவுக்கு அக்கா பக்கத்து வீடு, டிரைவருக்குத் தரைத்தளம், எங்களுக்குக் கமிஷன். ஒருவருக்கும் நஷ்டமில்லாத பொய். படியிறங்கும்போது அதை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இருவரும் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். வேறு ஒருவர் ஓட்டுகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கும் டிரைவர் எங்கே பார்ப்பது என்று தெரியாதவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பின்வாங்கிட்டார், உங்களுக்கே, ஐம்பத்திரண்டு. டிரைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா?" என்று மனைவியின் தோளைத் தொட்டார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா பின்னாடி கேட்டது?"

"அது... ஒருத்தர்."

"நான் திரும்பிப் பார்த்தேன்க்கா. அம்பத்தொண்ணுன்னு சொன்னப்ப ஒரு தடவை, அம்பத்திமூணுன்னு சொன்னப்ப ஒரு தடவை. நம்மகிட்ட இருந்து வீட்டைப் பிடுங்கறது யாருன்னு மூஞ்சியையாவது பாத்துக்கலாமேன்னு. அங்க யாருமே இல்லையே."

டிரைவர் "விடு, இப்பதான் நமக்கே தர்றாங்களே" என்றார். அவள் விடவில்லை. அதட்டவும் இல்லை. குளியலறை வாசலை அளந்த மாதிரி நின்றாள், சரியான அளவு தெரியாமல் நகரமாட்டேன் என்பது போல.

நான் சொல்லிவிட்டேன். சுவர் என்றேன். எப்படிச் செய்வோம், எதற்குச் செய்வோம், இன்றைக்கு எப்படித் தவறிப்போனது, சீட்டு, டம்ளர், கண்ணாடி, மருமகன் வரைக்கும் எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல, நர்ஸம்மாவின் ஐந்து மணியை என் கையாலேயே குழிதோண்டிப் புதைக்கிறேன் என்று தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. பஸ் ஒன்று வந்து நின்றது, டிரைவர் கையை ஆட்டி அதை அனுப்பிவிட்டார்.

"அப்ப நாங்க எங்களோடவே சண்டை போட்டிருக்கோம்" என்றார் அவர்.

"மேல வாங்க" என்றாள் அவள் அவரிடம். என்னிடம் அல்ல.

கூடத்தில் இவரும் நர்ஸம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே இவருக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் கூனிப்போய் நின்றார். அவள் நேராக மேஜைக்கு முன்னால் வந்தாள்.

"மறுபடி போடுங்க சார். நாங்க நிஜமாக் கேட்டது நாப்பத்தெட்டு. அங்கேருந்து ஆரம்பிங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் கடைசி வரை நடந்தாள். தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைவர் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"அங்க எதுக்குப் போய் உக்கார்றாங்க?" என்று நர்ஸம்மா கேட்டார். இவர் சொன்னார். இரண்டே வாக்கியம், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். நர்ஸம்மா கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"எனக்காகவா அதெல்லாம் கேட்டீங்க?" என்றார். அப்புறம் போய்த் தன் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, போடுங்க."

நான் ஒரு புதுத் தாளை எடுத்தேன். இவர் சுத்தியலை எடுத்தார், கீழே வைத்தார், என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"கண்ணாடியைக் குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் வழக்கமாகப் பார்க்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தே கூவினார். "நாப்பத்தெட்டு லட்சம். மேல கேக்கறவங்க உண்டா?"

"ஒரு தரம்" என்றார். அவர் குரல் இவ்வளவு மெல்ல வந்து நான் கேட்டதில்லை. நாற்பத்தெட்டிலேயே நின்றால் அக்கா பக்கத்து வீடு கிடையாது. நர்ஸம்மாவின் பின்கழுத்து வியர்த்திருந்தது. "ரெண்டு தரம்."

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதில் அட்டை இல்லை, சாவிக்கொத்து இருந்தது.

"நாப்பத்தொன்பது" என்றார் நர்ஸம்மா. "நான்தான் கேக்கறேன். என் வீட்டை நானே கேக்கறேன்."

அட்டை எண் எழுத வேண்டிய கட்டத்தில் என் பேனா நின்றது. கோடு போடக் கை வரவில்லை. இவரும் மேலே கூவவில்லை. டிரைவர், பின்னால் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். நாற்காலியை மடக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, காலி வரிசைகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தாள். நர்ஸம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டார். "உக்காரும்மா, எனக்கு எவ்வளவு வேணும்னு நானே சொல்றேன்" என்றார். பின்னால் சுவரும் அந்தச் சிவப்புக் கருவியும் மட்டும் இருந்தன. இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.