திருநீற்றுப் பொட்டலம்

சாகக் கிடப்பவர்களுக்காக சிஸ்டர்மார் நடத்தும் இல்லத்துக்கு மஹய்யாவவில் உள்ள என் வீட்டில் இருந்து வாரம் மூன்று நாள் போவேன். ஆறுதல் சொல்லுவது என் வேலை. சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் வேதக்காரி. அங்கே கிடந்த விவேகானந்தன் ஐயாவோ யாழ்ப்பாணத்துச் சைவர், பென்சன் எடுத்த தபாலதிபர். என் ஜெபம் அவருக்கு எதற்கு என்று கோயில் குருக்களைக் கூப்பிடப் போனேன். "திருவிழாவுக்குக் கொடியேறி இருக்கு, கையில காப்பு. சாவு நடக்கிற இடத்துக்கு வரக்கூடாது" என்று திருநீற்றை மடித்துக் கொடுத்தார். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, இது என்ன மருந்து என்று கேட்டு, அரை மணித்தியாலம் என்னை வெயிலில் நிறுத்தினான்.

இவ்வளவு பட்டுக் கொண்டுவந்து, பட்டதையும் சொல்லி நெற்றியில் பூசினால், மனுசன் கையைத் தூக்கி அதை அழிக்கிறார்!

"என்னங்க ஐயா இது?" கத்தியே விட்டேன்.

"எண்பத்து மூண்டுக் கலவரத்தில பஸ்ஸை மறிச்சவங்கள், ஆர் தமிழன் எண்டு அறிய முதல்ல நெத்தியைத்தான் பார்த்தவங்கள், பிள்ளை. நான் எச்சில் தொட்டு அழிச்சுப்போட்டன். பக்கத்தில இருந்தவர் அழிக்கேல்லை."

"அது பத்து வருசத்துக்கு முந்திங்க. இங்க யாரும் வர மாட்டாங்க."

"உம்மைச் சாவடியில மறிக்கேல்லையோ?"



வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார். மிச்சத் திருநீற்றை அவர் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாகப் பூசினேன். பூசிவிட்டு, அழிக்க அந்தக் கை எழும்புமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.