தாராளமாகக் கட்டலாம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக் கடன் பற்றி ஆளாளுக்குச் சந்தேகம் கேட்கும் ஓர் இணைய மன்றத்தில் இது கிடந்தது. ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், ஏழு மாதம் கழித்து அதே ஆளிடமிருந்து இன்னொரு கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் நான் கட்டியது.

பதில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. மன்றத்தில் அவர் பெயர் 'சாவி'. அதற்குக் கீழே ஒரு வரி: 'வீட்டுக் கடன் ஆலோசகர். இருபது ஆண்டு அனுபவம். இங்கே சொல்வது இலவசம்.' இதில் மற்றதெல்லாம் பொய்யாக இருந்தாலும் இலவசம் என்பது உண்மை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'சாவி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது வானம் கறுத்துக்கொண்டு'

வானத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

'ஆலோசனையை இலவசமாகச் சொல்வது தர்மமா தவறா என்னும் கேள்வி நெடுங்காலமாக'

இது பட்டிமன்றம். இன்னும் ஒரு வரி போனால் நடுவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாவது முயற்சி பரவாயில்லை. அதை வைத்துக்கொள்வோம்.

சாவியின் அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. உட்கார்ந்து கேட்டால் காசு, நின்றுகொண்டு கேட்டால் இலவசம். அவர் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி, மேசைமேல் எண்கள் தேய்ந்த ஒரு கால்குலேட்டர், பக்கத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. வீட்டுக் கணக்குப் பார்க்க வருகிறவர்கள் சில சமயம் அழுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் கையில் காசில்லாதவர்கள் கதவருகே நின்றபடி, "ஒரே ஒரு சந்தேகம் சார்" என்பார்கள். சாவியும் எழுந்து நின்றுகொண்டே பதில் சொல்வார். இருபது வருடமாக இப்படி நின்று நின்று சொன்னவருக்கு, இணைய மன்றம் என்பது கதவருகே நிற்பவர்களின் பெரிய வரிசையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. தினமும் காலைத் தேநீர் இடைவேளையில், தண்ணீர் கேன் வைத்திருக்கும் சிறிய அறையில், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே போனில் பதில் எழுதுவார். இருபது நிமிடத்தில் பத்துப் பதினோரு கேள்வி.

(டிஷ்யூ பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? நான் கடன் வாங்கப் போன இடத்தில் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து சாவியின் மேசைமேல் வைத்துவிட்டேன்.)

3

கேள்வி கேட்டவரின் புனைபெயர் 'ஊசி'. இவர் நிஜம். இவர் எழுதியதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன். முற்றுப்புள்ளி தேடாதீர்கள், கிடையாது.

"சார் வணக்கம் நான் தையல் கடை வச்சிருக்கேன் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார் முதுகு வலின்னு விட்டுட்டார் கம்பெனில மொத்தமா ஒரு தொகை குடுத்தாங்க வீட்டுக் கடன் இன்னும் பதினாலு வருஷம் இருக்கு வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இதுவரைக்கும் ஒரு தவணை தப்பல கடைக்கு வாடகை ஏத்திக்கிட்டே போறாங்க எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் எடுத்தா மிஷினை எல்லாம் அங்கே போட்டுக்கலாம் அவர் கடனை அடைச்சிடலாங்கறார் என் தங்கச்சி ரெண்டும் வேணாம் சும்மா இருங்கறா இதை இப்போ கட்டலாமா இல்ல கொஞ்சம் பொறுக்கலாமா சொல்லுங்க சார்"

சாவியின் பதில், அன்று காலையே:

"தாராளமாகக் கட்டலாம். தள்ளிப்போட வேண்டாம்."

பார்த்தீர்களா? நான் முதல் தடவை படித்தபோது பார்க்கவில்லை.

மன்றத்தில் கேள்விகளைத் தலைப்புவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி இருந்தது 'முன்கூட்டியே கட்டுதல்' என்ற பகுதியில். அதாவது தவணைக் காலம் முடியுமுன்பே கடனைக் கட்டுவது. 'கட்டுதல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அந்த அம்மா அங்கே நுழைந்திருக்க வேண்டும். சாவி பகுதியின் தலைப்பைப் பார்த்தார், 'பதினாலு வருஷம்' என்பதைப் பார்த்தார், 'மொத்தமா ஒரு தொகை' என்பதைப் பார்த்தார், நேரே கடைசி வரிக்குத் தாவிவிட்டார். வீட்டுக் கடன்காரர்களோடு இருபது வருடம் குப்பை கொட்டியவருக்குக் கட்டுவது என்றால் ஒன்றுதான். ஆனால் அந்த அம்மாவின் பேச்சில் கடனை அடைப்பார்கள், ரூமைத்தான் கட்டுவார்கள்.*

கீழே அவர் நன்றி சொல்லியிருந்தார்: "நீங்க நல்லா இருக்கணும் சார்."

* பாழாய்ப்போன சொல். வீட்டைக் கட்டுகிறோம், கடனைக் கட்டுகிறோம், மூட்டையைக் கட்டுகிறோம், இல்லாததைச் சொன்னால் கதை கட்டுகிறோம். ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு அனுப்பினால் அது எங்கேயாவது காலை வாரத்தானே செய்யும்?

4

ஏழு மாதம் கழித்து, அதே இடத்தில்:

"சாவி சார் நீங்க சொன்ன மாதிரியே கட்டிட்டோம் இப்போ வட்டியை ஏத்திட்டாங்க தவணை கட்டுபடியாகல கையில ஒண்ணும் இல்ல வர்ற பத்தாம் தேதிக்குள்ள பேங்குல பதில் சொல்லணுமாம் இல்லேன்னா நோட்டீஸ் வருமாம் நீங்கதான் சொல்லணும்"

கட்டிட்டோம் என்றால் எதை?

என் சாவி இதைத் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றபடி படித்தார். பிறகு பழைய கேள்வியை முதன்முறையாக முழுதாகப் படித்தார். 'மாடியில ஒரு ரூம்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் கவலை கொஞ்சம் குறைவு. முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் என்று சொல்லித் தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லலாம், வங்கி காதுகொடுத்துக் கேட்கும். ரூம் கட்டியிருந்தால் அந்தப் பணம் சுவராக நிற்கிறது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். இதற்குச் சொல்வதை அதற்குச் சொன்னால் இரண்டாவது தப்பாகிவிடும்.

ஆக, அவர் கேட்க வேண்டியது இரண்டே சொல். எதைக் கட்டினீங்க?

அதைக் கேட்டால், தான் அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வதாக ஆகும். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு நாள் எழுதவில்லை.)

5

சாவிக்குச் சாதகமாக ஏதாவது வேண்டுமே என்று ஒரு மேலாளரைக் கொண்டுவந்தேன். கண்டிப்பான பெண்மணி. வில்லியாக்கிவிடலாம் என்றுதான் திட்டம்.

"மன்றத்துல 'சாவி'ன்னு ஒருத்தர் இருக்காராம். நம்ம ஆபீஸ்னு காதுல விழுந்துச்சு."

"மேடம், அது..."

"நீங்களான்னு நான் கேக்கல. யாரா இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள கடையைக் கட்டிடட்டும். காசு வாங்கிக்கிட்டு சொன்னா பேப்பர் எல்லாம் பார்த்துட்டு சொல்றோம், கையெழுத்துப் போடறோம். தப்பாப்போனா வந்து சட்டையைப் பிடிக்கலாம். சும்மா சொல்றவன் சட்டையை எங்கே போய் பிடிக்கிறது?"

"காசு குடுக்க முடியாதவங்க யார்கிட்ட மேடம் போய் கேப்பாங்க?"

"நல்ல கேள்வி. என்கிட்ட கேக்காதீங்க."

சிக்கல் என்னவென்றால், மேலாளர் சொல்வது சரி. சாவி கேட்டதும் சரி. வில்லி போய்விட்டாள், கதையும் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் சாவியை வீட்டுக்கு அனுப்பினேன். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். துணி மடித்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

"சீட்டு பார்க்காம மருந்து குடுத்திருக்கீங்க."

"ஏன், தலைவலின்னு யாராவது வந்தா நீ மாத்திரை குடுக்கறதில்லையா?"

"குடுப்பேன். வேற என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேட்டுட்டு குடுப்பேன். நீங்க கேட்டீங்களா?"

சாவி ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு கோணலாக வந்தது.

"சரிங்க, போனது போகட்டும். இப்போ கேளுங்க. அதுக்கு எதுக்கு இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்?"

"ரூம்தான் கட்டினோம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா, ரூம்தான் கட்டியிருக்காங்க. நீங்க கேக்காம இருந்தா மட்டும் அது இடிஞ்சு விழுந்துடப்போவுதா?"

இந்தப் பெண்ணை நான் இவ்வளவு கெட்டிக்காரியாகத் திட்டமிடவில்லை. அவள் பேசியபின் சாவிக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று: வெள்ளிக்கிழமை காலை சாவி தன் கணக்கை அழித்துவிடுகிறார். நாலு வருடப் பதில்கள், பத்தாயிரத்துச் சொச்சம், எல்லாம் 'நீக்கப்பட்ட உறுப்பினர்' என்ற பெயரில் நிற்கின்றன. ஊசியின் கேள்வி யாரையும் நோக்கி இல்லாமல் தொங்குகிறது. இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டு: சாவி கேட்கிறார். "கடனைத்தான் சார் கட்டினோம்" என்று பதில் வருகிறது. தவணைக் காலம் நீள்கிறது, எல்லோரும் நலம். இதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்று: "ரூம்தான் சார். நீங்கதானே சொன்னீங்க?" என்று வருகிறது. சாவி முகவரி கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகிறார். காகிதங்களை முழுதாகப் படிக்க. இந்தத் தடவை உட்கார்ந்து. காசில்லாமல். இது நன்றாக வந்துகொண்டிருந்தது.

'சாவி மாடிப்படி ஏறினார். சிமென்ட் வாசனை இன்னும் போகவில்லை. படிக்குக் கைப்பிடி வைக்கப் பணம் பற்றாததால் சுவரைப் பிடித்துக்கொண்டே'

7

அங்கே நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படி ஊசி வீட்டுப் படி இல்லை. ஊசி ரூம் கட்டினாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. அது என் வீட்டுப் படி.

மன்றத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சின்ன எழுத்தில் 'பார்த்தவர்கள்' என்று ஓர் எண் இருக்கும். இந்தக் கேள்விக்கு 412. அதில் ஒருவன் நான். எட்டு மாதத்துக்கு முன் எனக்கும் வேலையிலிருந்து மொத்தமாக ஒரு தொகை வந்தது. கடனும் இருந்தது, எழுதுவதற்கு மாடியில் ஓர் அறை வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. எவரோ ஒரு தையல்காரிக்குச் சொன்ன 'தாராளமாகக் கட்டலாம்' என்பதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்த பதில் அதுதான். நன்றி என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இந்தக் கதையை அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எனக்கும் தவணை ஏறிவிட்டது.

மூன்று வாரமாகச் சாவிமேல் எனக்குக் கோபம். அவரைக் கோழையாக எழுதியது அதனால்தான். நிஜ சாவிக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். கடவுச்சொல் மறந்திருக்கலாம். அவர் ஒருவருக்குச் சொன்னார், நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டோம். அவர் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா? இருந்திருந்தால் நான் கட்டாமல் இருந்திருப்பேனா? எப்படியும் கட்டியிருப்பேன், பழிபோட வேறு ஆளைத் தேடியிருப்பேன். அப்படியென்றால் அவர் சொன்னதில் தப்பில்லையா? அந்த அம்மாவுக்குத் தப்பு, எனக்குத் தப்பில்லையா? எழுதினால் தெளியும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். குழம்பின குட்டையில் கையை விட்டு இன்னும் கலக்கியதுதான் மிச்சம்.

8

இன்று எட்டாம் தேதி.

கதை கட்டிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அந்தக் கேள்வி இன்னொரு சன்னலில் திறந்தே கிடக்கிறது. பதில் பெட்டி காலி. எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதைக் கட்டினீங்க என்று கேட்க நிதி ஆலோசகர் தேவையில்லை. கதை எழுதுகிறவன் போதும்.

காலையில் மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். புனைபெயர் 'மாடி'. "அம்மா, எதைக் கட்டினீங்க? ரூமையா, கடனையா?" என்று எழுதியும் வைத்திருக்கிறேன். அனுப்பினால் அவர் பதில் சொல்வார். சொல்லிவிட்டு, "இப்போ என்ன செய்யறது சார்?" என்பார். சார் என்பார், அதுதான் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலாவது பகுதியில் நானே சாவிக்காக எழுதிக்கொடுத்ததுதான். அது சரியா என்று இதுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை. என் மேலாளர் கையை எடு என்கிறார். என் மருந்துக் கடைக்காரி, முதலில் கேளு என்கிறாள். இரண்டு பேரையும் நான்தான் உண்டாக்கினேன், இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்பதில்லை.

பத்தாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதனால் உங்களைக் கேட்கிறேன். இதை இப்போது அனுப்பலாமா, இல்லை பொறுக்கலாமா?

தயவுசெய்து 'தாராளமாக அனுப்பலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். முதலில் இதை முழுதாகப் படித்தீர்களா என்று சொல்லுங்கள்.