முப்பத்தேழில் இரண்டு

...இருக்கவே கூடாது, இந்த இரண்டு குப்பியில் மட்டும் கோபால்ட் எப்படி வரும், மற்ற முப்பத்தைந்திலும் ஒன்றுமே இல்லை, கருவிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், கருவி ஒழுங்காகத்தான் இருக்கிறது, எரிவது என் கண்தான். மணி ஏழரை. என் இரவுப் பணி முடிந்து அரைமணி ஆகிறது. பகல் ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "என்ன சார், கிளம்பலையா, வீட்ல சண்டையா?" என்கிறார். சண்டை போட வீட்டில் யார் இருக்கிறார்கள், அம்மா இருக்கிறாள், அவள் சண்டை போடுகிறவள் இல்லை, பெருமூச்சு விடுகிறவள், சண்டையே தேவலை. நான் படிப்பை விட்ட கட்டடத்திலேயே இரவு முழுக்க மற்றவர்கள் தண்ணீரில் உலோகம் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருக்கிறேன், இதற்குப் பெருமூச்சு விடாமல் அவள் வேறு என்ன செய்வாள்... இந்தக் குப்பிகள் மூன்றாம் மாடியில் ஆராய்ச்சி செய்கிற அந்தப் பெண்ணுடையவை. நேற்று சாயங்காலம் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். "ஒரு தடவை பாத்துடுங்கண்ணா, தண்ணில உலோகம் இல்லைன்னு ஒரு வரி எழுதணும். எழுதிட்டு நாளைக்குப் பத்து மணிக்கு விலகுறேன்னு லெட்டரைக் குடுத்துட்டுப் போறேன்." எங்கே போகிறாய் என்றேன். "எங்கயாவது. எனக்குத்தான் கைராசி இல்லையே."

கைராசி. வேதியியல் ஆய்வகத்தில், லட்ச லட்சமாய்ச் செலவழித்துக் கருவி வாங்கி வைத்திருக்கிற இடத்தில், எங்கள் பேராசிரியர் வாயிலிருந்து வருகிற வார்த்தை இது. எனக்கும் சொன்னார், கோபமாகச் சொல்லியிருந்தாலாவது திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம், இல்லை, அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர் உறவுக்காரர்களிடம் பேசுகிற குரலில், "உனக்குக் கைராசி இல்லப்பா" என்றார். எனக்கு முன்னால் ஒருத்தர் இருந்தார், அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, கைராசிக்காரர். மரத்தூளைக் கருக்கிச் செய்த பொடி, மருந்து கலந்த கழிவுநீர், ஆக்சிஜன் கொடுக்கிற உப்பு ஒரு சிட்டிகை, ஒரு மணி நேரம் கலக்கினால் நூற்றில் தொண்ணூறு பங்கு மருந்து சிதைந்துபோகும். பொடியில் உலோகம் கிடையாது, அதனால் தண்ணீரில் விஷம் மிஞ்சாது, அதுதான் அதன் பெருமை. அவருக்கு முதல் நாளே தொண்ணூறு வந்ததாம். பட்டம் வாங்கினார், கடல் தாண்டிப் போனார், இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தப் பொடியை மூட்டை மூட்டையாகக் கழிவுநீர்த் தொட்டியில் கொட்டியாயிற்று, தொட்டி பக்கத்தில் பேராசிரியர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வாசலிலேயே மாட்டியிருக்கிறது. அதே பொடி, அதே உப்பு, எனக்கு நாலு வருஷம், பத்தைத் தாண்டவில்லை. இவளுக்கு மூன்று வருஷம், முப்பத்தேழு தடவையில் இரண்டு தடவை மட்டும் எண்பதுக்கு மேல்... இரண்டு தடவை. இரண்டு குப்பி. இவ்வளவு நேரம் இது உறைக்காமல் இருந்ததற்கு என் மண்டையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

படியேறினேன். அவள் மேசையில் குறிப்பேடு திறந்தே கிடந்தது, எல்லாவற்றையும் எழுதுகிறவள், தும்மினால்கூட எழுதுவாள். அந்த இரண்டு நாளும் ஓரத்தில் ஒரே வரி, என் மேக்னெட் ஆசிடில் ஊறுகிறது, ஜன்னலோர டிராயரிலிருந்து ஒன்று எடுத்தேன். மேக்னெட் என்றால் விரல்கணு நீளத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசிய காந்தத் துண்டு, குடுவைக்குள் போட்டால் கீழே இருக்கிற தட்டு அதைச் சுழற்றும், அது தண்ணீரைக் கலக்கும், அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை, கரண்டியை யார் நினைக்கிறார்கள். ஜன்னலோர டிராயர் கைராசிக்காரருடையது. அவருக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து மின்கலத்துக்காகக் கோபால்ட் அரைத்த மனிதரின் சாமான்களும் அதில்தான் கிடக்கின்றன. துழாவினேன், ஒரு காந்தம், பூச்சு வெடித்து, வெற்றிலை போடுகிறவன் பல் மாதிரி கறையேறி. கொஞ்சம் ஆசிடில் முக்கால் மணி நேரம் ஊறவைத்து, கீழே கொண்டுபோய்ப் பகல் ஆளிடம் ஒன்றே ஒன்று சார் என்று கெஞ்சினேன், "தூங்குங்க சார், பேய் மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. கோபால்ட். அந்த உப்போடு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத துளி போதும், மருந்தைக் கிழித்துப்போடும். பொடி ஒன்றுமே செய்யவில்லை. பொடியை அளந்தார்கள், பத்துப் பேர் அளந்தார்கள், வெளியே வருகிற தண்ணீரை ஒருத்தரும் அளக்கவில்லை. கழுவாத கரண்டிக்குப் பெயர் கைராசி. ஆஸ்பத்திரித் தொட்டியில் யார் இந்தக் காந்தத்தைப் போட்டுக் கலக்குகிறார்கள்... மருந்து அப்படியே கால்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது, படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்பதேகாலுக்கு அவள் வந்தாள், கையில் உறை. படிக்கட்டிலேயே நிறுத்திச் சொன்னேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. முதலில் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்பே திரும்பிக் கடிக்க வந்தது. "மூணு வருஷம்ணா! ஒவ்வொரு ராத்திரியும் மேக்னெட்ட ஆசிட்ல ஊறப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படிச் செய்யச் சொன்னது யாரு?" நான்தான். அப்போதே நான் கீழே இரவு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனாலும் அவள் சேர்ந்த முதல் வாரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். "நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க போங்க. அழுக்கா இருந்திருந்தா இந்நேரம் டாக்டர் ஆகியிருப்பேன்." படியில் உட்கார்ந்துவிட்டாள். உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு மெதுவாக, "அப்ப எனக்கு வராம போச்சே, அதுதான் சரி, இல்லையா?" ஆமாம் என்றேன். அவள் உறையைப் பைக்குள் திணித்தாள். "பத்து மணிக்கு உள்ள போறேன். லெட்டர் குடுக்கமாட்டேன், இதைத்தான் சொல்லப்போறேன்." சொல்லு என்றேன். "என் நோட்டை மட்டும் வச்சா நம்பமாட்டார்ணா. கைராசி இல்லாதவ, போறப்போ பழி போடுறான்னு சொல்லுவார். உங்களுக்கும் நாலு வருஷம் வரலையே, உங்க நோட்டையும் பக்கத்துல வச்சா ரெண்டு பேர். அதுக்கு மேல என்ன பேசுவார்?"

சரியான யோசனை, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், என் நோட்டு கீழே என் அலமாரியில் இருக்கிறது, நாலு வருஷத்துத் தோல்வி, வரி வரியாக, ஒன்பது, ஏழு, பத்து, எட்டு, அப்புறம் எழுதின கடைசிப் பக்கத்தில் எண்பத்தொன்பது. கலக்குகிற தட்டின் சுவிட்சைக்கூடப் போடாமல் ஒரு மத்தியானம் அதை நானாக எழுதினேன். ஏன் எழுதினேன், பசியா, அம்மாவின் பெருமூச்சா, பேராசிரியர் குரலில் இருந்த அந்தப் பரிவை இன்னொரு தடவை கேட்கக்கூடாது என்றா... பேராசிரியர் பார்த்தார், தோளில் தட்டினார், வேறொருவர் கையிலும் முடிவு உறுதியானது என்று பொடியைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி சேர்ந்தது. என் பெயர் போடவில்லை, இவளுக்கு அது யார் என்று தெரியாது, அந்த வரியை நம்பித்தான் மூன்று வருஷமாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தோடு நான் போவதை நிறுத்தினேன். வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன், அம்மாவிடமும், எனக்கும், சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது, ஆனால் வராத நாலு வருஷமும் நான் ஒழுங்காகப் போய்க்கொண்டுதானே இருந்தேன்... வந்த பிறகுதானே நின்றேன். "சாவியைக் குடுங்கண்ணா, நானே எடுத்துக்கறேன், மணி ஆகுது," என்று கையை நீட்டுகிறாள். சட்டைப்பையில் சாவியைத் தடவிக்கொண்டே ஒரு பக்கம்தானே, கிழித்துவிட்டால் என்ன என்று நினைக்கிறேன், ஒரே ஒரு பக்கம்... ஆனால் எழுதாத பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் நான் அவ்வளவு ஒழுங்கு.